கண்ணசைவும் மனவடுவும்

உடலிற் பட்ட காயத்தைக் காண்பார் பலர். உள்ளத்திற் பட்ட வடுவைக் காண்பார் சிலரே. ஜுபிலி விழாக் கொண்டாடும் இவ்வேளையில், நம் கல்லூரியின் வெற்றிகளை எண்ணி மகிழும் நாம், நம் மத்தியில் மறைந்துறையும் அவ்வடுவையும் எண்ணிப் பார்த்தல் கடனாகும்.

1983 முதல் 2009 வரை நீடித்த போர் தீண்டாத குடும்பம் குடாநாட்டில் அரிது. 2004இல் ஆழிப்பேரலையும் வந்து சேர்ந்தது. ஆண்டுகள் பல கழிந்தும் வெடியோசை கேட்டுப் பதறுவோரும் துயிலிடைக் கதறுவோரும் இன்றும் உளர். இத்துன்பத்தின் இயல்பைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 'மனவடு' என்னும் தம் நூலிலே தமிழ் மக்களுக்கு விளக்கியுள்ளார்.

இதனைத் தணிக்கும் வழிகளுள் ஒன்று கண்ணசைவுச் சிகிச்சை. அமெரிக்க உளவியலாளர் பிரான்சின் சப்பிரோ 1987இல் இதனைத் தொடங்கினார். நோயாளர் தம்மை வாட்டும் நிகழ்ச்சியை நினைந்தவாறே, இடமும் வலமும் செல்லும் சிகிச்சையாளரின் விரலைக் கண்களாற் பின்தொடர்வர். நினைவையும் அசைவையும் ஒருங்கே தாங்கும் மனத்தில் நினைவின் கூர்மை மழுங்குகின்றது என்பர் ஆய்வாளர் சிலர். நினைவு அழிவதில்லை, அதன் கொடுக்கே முறிகின்றது. கண்ணசைவு இன்றியமையாததோ என்னும் வாதம் ஓயவில்லையாயினும், உலக சுகாதார நிறுவனம் 2013இல் இம்முறையைப் பரிந்துரைத்தது.

கோயில் வழிபாடும் உற்றார் ஆறுதலும் போதாவோ என்று வினவுவாருமுளர். அவற்றின் பயனை நாம் மறுக்கவில்லை. ஆழிப்பேரலையின் பின் வடகிழக்கில் அகதிமுகாமொன்றிலே 31 சிறுவரிடையே நிகழ்ந்த ஆய்வு 2009இல் வெளியாயிற்று. ஒரு சாரார் தம் வாழ்க்கைக் கதையை விரித்துரைத்தனர்; மறுசாரார் தியானமும் உடல் தளர்த்தும் பயிற்சியும் செய்தனர். ஆறு மாதங்களின் பின் முன்னவருள் நூற்றுக்கு 81 வீதத்தினரும், பின்னவருள் 71 வீதத்தினரும் தேறியிருந்தனர். இச்சிகிச்சைகளை அளித்தவர் யாவர்? பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரிய ஆலோசகரே!

இதிலிருந்து நாம் பெறும் பாடம் தெளிவு. வழிகள் பலவாகலாம், முறையாகக் கற்ற ஒருவர் அருகில் இருத்தலே முதற்றேவை. கல்லாதார் விரலசைத்துப் பார்க்கும் விளையாட்டன்று இது. ஆறாத புண்ணைக் கிளறும் ஆபத்தும் அதிலுண்டு.

ஆதலின் பழைய மாணவரிடம் நாம் வேண்டுவது ஒன்று. ஜுபிலி நினைவாக மண்டபம் எழுப்புங்கள், வாழ்த்துகின்றோம். அதனோடு, ஆசிரியர் இருவரையேனும் உளவளப் பயிற்சிக்கு அனுப்பவும், மாணவன் அச்சமின்றி மனந்திறந்து பேச அமைதியான அறையொன்று அமைக்கவும் ஒரு நிதி வகுப்பீர்களாக. போரைக் காணாத மாணவனும் போர் கண்ட பெற்றோரின் மடியிலேயே வளர்கின்றான். அவன் துயரைக் கேட்கச் செவியில்லையேல், நம் கல்லூரி அளிக்கும் கல்வி நிறைவுடையதாகாது.