ஆர்.சி. கேட்கும் சாவிக்காரர்



சாலையோரத் தொழில்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் சாவி போடுகிறவர்களைப் பற்றித்தான் அதிகம். “கார் சாவி தொலைந்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் வண்டியை இழுத்து வரச் சொல்கிறார்கள், சாவி வரப் பல நாள் ஆகும் என்கிறார்கள். போன் செய்தால் நேரில் வந்து போட்டுத் தருவதாக வெளியில் ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?” என்று பலர் கேட்டிருந்தீர்கள். நம்பலாம். ஆனால் யாரை நம்புவது, எதைப் பார்த்து நம்புவது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும் என்று தோன்றியது.

பழைய சாவிக்காரரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரு குடை, ஒரு சின்ன வைஸ், வளையத்தில் கோத்த வெற்றுச் சாவிகள், தேய்ந்த அரம். மாதிரிச் சாவியை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு அரத்தை நாலு இழுப்பு இழுத்தால் பூட்டு திறந்துவிடும். கார் சாவியும் அப்படித்தான் இருந்தது. இன்றைய காரில் அந்தச் சாவியைப் போட்டால் கதவு திறக்கும், இக்னிஷனும் திரும்பும், வண்டி மட்டும் கிளம்பாது. டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட ஒரு விளக்கு விட்டுவிட்டு எரியும்.

சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசி மணி அளவில் ஒரு சிப் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு பேட்டரி கிடையாது. இக்னிஷன் பூட்டைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கும். பல கார்களில் அது 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்கிறது. சாவியைத் திருப்பியதும் அந்தச் சுருளின் காந்தப் புலத்திலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு விழிக்கிறது. பழைய வகைச் சிப் தன் எண்ணை மட்டும் சொல்லும். பிறகு வந்தவற்றில் கார் ஓர் எண்ணைத் தூக்கிப் போடும். சிப் தன்னிடமுள்ள ரகசியக் குறியீட்டைக் கொண்டு கணக்குப் போட்டு விடை சொல்லும். விடை சரியென்றால்தான் என்ஜினை ஓட்டும் கணினி அனுமதி தரும். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிற இந்த உரையாடலை நடத்தும் அமைப்புக்குத்தான் இம்மொபிலைசர் என்று பெயர். புதுச் சாவியின் சிப்பைக் காருக்கு அறிமுகப்படுத்தி வைப்பதுதான் ‘ப்ரோக்ராமிங்’.

கதவைத் திறக்கும் ரிமோட் பட்டன் வேறு, இந்தச் சிப் வேறு. ரிமோட்டுக்குத்தான் பேட்டரி வேண்டும். ‘சாவி வேலை செய்யவில்லை’ என்று பதறுகிறவர்களில் பலருக்குத் தீர்ந்து போயிருப்பது ஒரு பட்டன் செல் மட்டுமே, பெரும்பாலும் சி.ஆர். 2032. செருகித் திருப்பும் சாவி என்றால், செல் தீர்ந்தாலும் வண்டி கிளம்பும். பட்டன் அழுத்திக் கிளப்பும் கார்களிலும் வழி இருக்கிறது. ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை உருவிக் கதவைத் திறந்து, ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனை ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பெரும்பாலான வண்டிகள் கிளம்பிவிடும். சில கார்களில் அதற்கென்று தனியிடம் உண்டு. வண்டியோடு தந்த கையேட்டில் போட்டிருப்பார்கள். நல்ல சாவிக்காரர் போனிலேயே இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, “செல்லை மாத்திப் பாருங்க, சரியாகலைன்னா கூப்பிடுங்க” என்று சொல்லிவிடுவார்.

இவ்வளவு சிக்கல் தேவைதானா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தேவைதான். கார் திருட்டு பெருகிய நாடுகள் இதைச் சட்டமாகவே ஆக்கின. பிரிட்டனில் 1998 அக்டோபரிலிருந்தும், ஆஸ்திரேலியாவில் 2001 முதலும், கனடாவில் 2007 முதலும் புதுக் கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயம். அமெரிக்காவில் அப்படிக் கட்டாயம் இல்லை. அங்கே 2015ஆம் ஆண்டு மாடல்களில் ஹூண்டாய், கியா தவிர்த்த மற்ற நிறுவனங்களின் கார்களில் 96 சதவீதத்தில் இம்மொபிலைசர் இருந்தது. ஹூண்டாய், கியா கார்களில் 26 சதவீதத்தில்தான் இருந்தது. அந்தக் கார்களை எப்படிக் கிளப்புவது என்று காட்டும் வீடியோக்கள் 2021, 2022இல் இளைஞர்களிடையே பரவி, ஊர் ஊராகத் திருட்டு பெருகியது. சிப் இல்லாத சாவியின் விலையை அந்தக் கார்களை வாங்கிய சாதாரணக் குடும்பங்கள்தான் கொடுத்தன.

இனி நம்மூருக்கு வருவோம். மாமல்லபுரம் கடற்கரையில் அலையில் கால் நனைக்கப் போன ஒருவரின் சட்டைப் பையிலிருந்து சாவி கடலுக்குள் போய்விட்டது. வீட்டில் இன்னொரு சாவியும் இல்லை. அவருக்குச் சாவி போட வந்த இளைஞரின் வேலையைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பைக்கில் இரண்டு பைகளோடு வந்து இறங்கியவர் முதலில் காரைத் தொடவே இல்லை.

“அண்ணே, ஆர்.சி. காட்டுங்க. ஆதாரும் வேணும்.”

“பொண்டாட்டி புள்ளைங்களோட வெயில்ல நிக்கிறேன், என்னைப் பார்த்தா திருடன் மாதிரியா இருக்கு?”

“இல்லண்ணே. நாளைக்கு உங்க வண்டிய வேற யாராவது காட்டி, சாவி போடச் சொன்னாலும் இதைத்தான் கேப்பேன்.”

அவர் கோபம் தணிந்துவிட்டது. செல்போனில் டிஜிலாக்கரைத் திறந்து ஆர்.சி.யைக் காட்டினார். இளைஞர் வண்டி எண், பெயர், முகவரியை ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினார். கதவைத் திறந்ததும் சேசிஸ் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

கதவைத் திறந்தது ‘லிஷி’ என்ற மெல்லிய கருவி. சாவித் துளைக்குள் அதை நுழைத்து, உள்ளேயிருக்கும் ஒவ்வொரு தகடாக விரல் நுனியால் தடவி, எந்தத் தகடு எவ்வளவு ஆழம் என்று கருவியின் மேலிருக்கும் கோடுகளில் படித்துக்கொண்டே வந்தார். அந்த ஆழங்களைப் பைக்குள் இருந்த கட்டிங் மெஷினில் தட்டினார். பித்தளை நிறத் தூள் சிதற, புதுச் சாவி வெட்டுப்பட்டு வந்தது. தொலைந்துபோன சாவியை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை.

அடுத்துச் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பானெட்டைத் திறந்து, கார் பேட்டரியில் தன்னிடமிருந்த இன்னொரு பேட்டரியை இணைத்தார். “பாதி வேலையில வோல்டேஜ் இறங்கினா கன்ட்ரோல் பாக்ஸே போயிரும்ணே” என்றார். பிறகுதான் ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. சாக்கெட்டில் கருவியைச் செருகினார். திரையில் கார் மாடலைத் தேர்ந்தெடுத்து, எல்லாச் சாவியும் தொலைந்தது என்ற பிரிவுக்குள் போனார். கொஞ்ச நேரக் காத்திருப்புக்குப் பின் டேஷ்போர்டின் சாவி விளக்கு சிமிட்டுவதை நிறுத்தியது. வண்டி கிளம்பியது. அணைத்து, உரிமையாளர் கையாலும் கிளப்பிப் பார்க்கச் சொன்னார். “பழைய சாவி யார் கைக்குக் கிடைச்சாலும் இனி வண்டி எடுக்காது. ஆனா கதவைத் திறக்கும். உள்ள விலை உயர்ந்த பொருள் எதையும் வைக்காதீங்க.”

இதை எந்தக் கல்லூரியும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பூட்டுக் கடையில் அரம் பிடித்துத் தொடங்கி, மின்னணுவியலைத் தானே கற்றுக்கொண்டவர் அவர். எல்லா வண்டியும் இப்படி எளிதில் வழிக்கு வருவதுமில்லை. சில டொயோட்டா கார்களில் பாதுகாப்பு அமைப்பை மீட்டமைக்க 16 நிமிடம் காத்தே ஆக வேண்டும். சிலவற்றில் கட்டுப்பாட்டுப் பெட்டியையே கழற்றி, அதன் நினைவகச் சிப்பைத் தனியாகப் படிக்க வேண்டியிருக்கும்.

இங்கேதான் ஒரு பெரிய கேள்வி எழுகிறது. சாவியைக் காரோடு சேர்க்கும் இந்த ரகசியம் யாரிடம் இருக்க வேண்டும்? மெகாமோஸ் என்ற சாவிச் சிப்பின் பலவீனத்தைக் கண்டுபிடித்த ஆராய்ச்சியாளர்களின் கட்டுரைக்கு ஃபோக்ஸ்வேகன் 2013இல் பிரிட்டன் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. 2015இல், ஒரே ஒரு வாக்கியம் நீக்கப்பட்டு அது வெளிவந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் சிப்பின் பலவீனம் எங்கும் போய்விடவில்லை. மூடி வைப்பதால் நேர்மையான தொழிலாளிக்குத்தான் கை கட்டப்படுகிறது என்பது என் உறுதியான கருத்து. நம் நாட்டிலும் இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும், பழுதறியும் கருவிகளையும், தொழில்நுட்ப விவரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வழக்கு மேல்முறையீடுகளுக்குப் போனது. பழுதுபார்க்கும் உரிமைக்கென மத்திய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் தொடங்கியது. அதில் வாகனத் துறையும் உண்டு.

அமெரிக்காவில் பின்னணி சரிபார்க்கப்பட்டுப் பதிவு பெற்ற சாவித் தொழிலாளர்கள், கார் நிறுவனங்களிடமிருந்தே சாவிக் குறியீட்டைப் பெற முடிகிறது. எந்த வண்டிக்கு, யார், எப்போது எடுத்தார் என்பது பதிவாகிறது. கையில் நோட்டு வைத்துக்கொண்டு மாமல்லபுரத்து இளைஞர் தானாகவே செய்வது அதைத்தான். அவருக்கும் அப்படியொரு பதிவும் அடையாள அட்டையும் கிடைக்க வேண்டும். அரசும் கார் நிறுவனங்களும் சேர்ந்து இதைச் செய்ய வேண்டும்.

உங்களுக்கும் சில வேண்டுகோள்கள். வீட்டில் ஒரே சாவிதான் இருக்கிறது என்றால் இந்த மாதமே இரண்டாவதைப் போட்டுவிடுங்கள். ஒரு சாவி கையில் இருக்கும்போது இன்னொன்றைச் சேர்ப்பது சுலபமான வேலை. எல்லாம் தொலைந்த பிறகு நேரமும் செலவும் பல மடங்கு. பழைய கார் வாங்குகிறவர்கள் இரண்டு சாவியையும் கேட்டு வாங்குங்கள். அந்தக் காருக்கு எத்தனை சாவிகள் பதிவாகியிருக்கின்றன என்பதைப் பல மாடல்களில் கருவியே காட்டிவிடும்; தெரியாத சாவிகளை அழிக்கச் சொல்லுங்கள். கார் திருடுபோனால் காப்பீட்டு நிறுவனம் அசல் சாவிகளையெல்லாம் ஒப்படைக்கச் சொல்லும். ஒன்று குறைந்தால் இழப்பீடு சிக்கலாகும். அதனால் சாவி தொலைந்த அன்றே காவல் நிலையத்தில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிடுங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவியுங்கள்.

வந்து நிற்கிற சாவிக்காரர் ஆர்.சி. கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். கேட்காமல் வேலையைத் தொடங்குகிறவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். உங்கள் ஊரில் ஆர்.சி. பார்க்காமல் பூட்டைத் தொடாத சாவிக்காரர் இருந்தால், அவர் சம்மதத்தோடு அவரைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். ஊரும் பேரும் போட்டு வெளியிடக் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்