பீக்ஸ்கில் தரும் பாடம்

தேசபக்திக் கூச்சல் யாருடைய தொண்டையிலிருந்து, யாருக்கு எதிராக எழுகிறது என்பதை உழைப்பாளி மக்கள் உரசிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1949-ல் நடந்த ஒரு சம்பவம் அதற்கு நல்ல உரைகல்.

யூஜின் புல்லார்டு ஜார்ஜியாவில் பிறந்த கறுப்பின வீரர். 1914-ல் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, வெர்டன் போர்க்களத்தில் படுகாயமுற்றார். பின்னர் போர் விமானம் ஓட்டினார். அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியதும் தாய்நாட்டு விமானப் படைக்கு மனுச் செய்தார். நிறவெறி அவரைத் தள்ளிவிட்டது. 1940-ல் ஹிட்லரின் படைகள் பிரான்சில் புகுந்தபோது மீண்டும் ஆயுதம் ஏந்தினார், மீண்டும் காயம்பட்டார்.

இரண்டு யுத்தங்களில் ரத்தம் சிந்தியவருக்குத் தாய்நாடு தந்த வெகுமதி என்ன? நியூயார்க் அருகே பீக்ஸ்கில்லில், கறுப்பினப் பாடகர் பால் ராப்சனின் கச்சேரிக்குச் சென்ற அவரைப் போலீசாரும் குண்டர்களும் கீழே தள்ளி அடித்தார்கள். அடித்தது படமாகவே பதிவாயிற்று. தண்டிக்கப்பட்டவர் ஒருவருமில்லை! ராப்சனுக்கு எதிராகக் கூட்டம் திரட்டியவை எவை? முன்னாள் ராணுவத்தினர் சங்கங்கள்! தங்களைப் போலவே போர்க்களம் கண்டவரின் மார்பிலிருந்த பதக்கங்கள் அவர்கள் கண்ணில் படவில்லை, தோல்தான் பட்டது.

அந்தக் கும்பல் கறுப்பரோடு நிற்கவில்லை. யூதரையும் கம்யூனிஸ்டுகளையும் அதே வாயால் ஏசியது. 60 லட்சம் யூதர்களை நாஜிகள் கொன்றொழித்து நான்காண்டுகள்தான் ஆகியிருந்தன. ஆகஸ்டு 27-ல் கச்சேரியை நடக்கவிடாமல் தாக்கினார்கள், சிலுவையைக் கொளுத்தினார்கள்.

மக்கள் அஞ்சி ஒடுங்கவில்லை. செப்டம்பர் 4-ல் சுமார் 20,000 பேர் திரண்டார்கள். தொழிற்சங்கத் தொண்டர்களும் முன்னாள் சிப்பாய்களும், கறுப்பரும் யூதரும் மற்ற வெள்ளையருமாக, தோளோடு தோள் சேர்த்து மைதானத்தைச் சுற்றி மனிதச் சுவராக நின்றார்கள். ராப்சன் பாடினார். திரும்பும் வழியில் பஸ்கள்மீதும் கார்கள்மீதும் கல்மாரி பொழிந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். ஆனால் கச்சேரியைத் தடுக்க முடியவில்லை.

இந்த ஐக்கியம் ஒரே நாளில் முளைத்ததல்ல. ஒரே பட்டறையில் வேலை, ஒரே சங்கத்தில் சந்தா, ஒரே வேலைநிறுத்தத்தில் பட்டினி என்று வளர்ந்தது. கறுப்பனை அடிக்கும் கை நாளை யூதனை அடிக்கும், மறுநாள் சங்கத்தை உடைக்கும் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள்.

புல்லார்டு 1961-ல் மாண்டார். அமெரிக்க விமானப் படை அவருக்கு அதிகாரிப் பதவி அளித்தது 1994-ல்! ஆள்வோரின் நீதி இறந்து 33 ஆண்டு கழித்து வந்தது. மனிதச் சுவரோ தேவைப்பட்ட அன்றே எழுந்தது. ஆலையிலும் வயலிலும் சாதியின் பேராலும் மதத்தின் பேராலும் நம்மைப் பிரிக்க வருவோருக்கு நாம் தர வேண்டிய பதிலும் அதுவே.