பட்டம் உண்டு, பயிற்சி எங்கே?

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பது நம்மவர் வழக்கு. அரசாங்க உத்தியோகமே வாழ்வின் கரை என்று நம்பிய காலத்தில் பிறந்த சொல் அது. ஆங்கிலமும் கணக்கும் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர்கள் அக்காலத்தில் கொழும்பிலும் மலாயாவிலும் எழுதுவினைஞர்களாய் இருந்து பேரேடு எழுதினார்கள். அவர்கள் அனுப்பிய பணம் இங்கே கல்வீடுகளாய் எழுந்தது. 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் அந்தக் கதவை ஒடுக்கிற்று. 1970களின் தரப்படுத்தல் பல்கலைக்கழக வாசலையும் ஒடுக்கிற்று. பிறர் அடைத்த கதவுகளைப் பற்றி நாம் ஓயாமற் பேசி வந்திருக்கிறோம், பேசவும் வேண்டும். ஆனால், நமது கவலையீனத்தால் நாமே பாதி சாத்தி வைத்திருக்கும் ஒரு கதவும் உண்டு. அதுவே கணக்காளர் தொழிலின் கதவு.

இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் 1959 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. அதில் அங்கத்துவம் பெறப் பரீட்சைச் சித்தி மட்டும் போதாது. அங்கீகாரம் பெற்ற இடத்தில் ஆண்டுக்கணக்கில் பயிற்சியும் பெற்றிருத்தல் வேண்டும். சட்டம் கற்றவர் மூத்த சட்டத்தரணி ஒருவரின் கீழ்ப் பயிலாமல் மன்றேற முடியாதது போன்றதே இதுவும். காரணம் வெளிப்படை. பாடநூலில் ஐந்தொகை எப்போதும் சமப்படும், கந்தோரில் சமப்படாது. பற்றுச்சீட்டு ஒன்று காணாமற் போயிருக்கும். களஞ்சியத்து இருப்பு ஏட்டோடு ஒவ்வாது. வங்கிக் கூற்று வேறொன்று சொல்லும். ஏன் என்று கேட்கப் பழகுவதே கணக்காய்வு. அந்தப் பழக்கம் விரிவுரை மண்டபத்தில் வராது.

ஆகவேதான் படிக்கும் காலத்திலேயே பெறும் சில மாதப் பயிற்சி பெறுமதி உடையதாகிறது. மாணவர் தொழிலை அறிகிறார். கந்தோர் மாணவரை அறிகிறது. பட்டம் பெற்ற பின் பயிற்சி இடம் ஒன்று காலியாகும்போது, முன்பின் அறியாதவரின் விண்ணப்பத்தை விட, பழகிய கைக்கே முதலிடம் கிடைக்கிறது.

பரமேசுவராக் கல்லூரி இருந்த திருநெல்வேலி வளவில் 1974 இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இன்று முகாமைத்துவ, வணிகப் பட்டதாரிகளை ஆண்டுதோறும் உருவாக்குகிறது. ஆனால், பெரிய கணக்காய்வு நிறுவனங்களின் தலைமைக் கந்தோர்கள் ஏறத்தாழ 400 கிலோமீற்றருக்கு அப்பால், கொழும்பில் இருக்கின்றன. 2014 இல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது உண்மையே. புகையிரதம் பிள்ளையைக் கொண்டு சேர்க்கும். உணவும் உறையுளும் கொடாது. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் அந்தச் செலவை எண்ணிப் பார்க்கும் வடமராட்சித் தகப்பன், பயிற்சிப் படி அறை வாடகைக்கே காணாது என்று கண்டு மகளை வீட்டில் நிறுத்திவிட்டால், அவரைக் குறை கூற நம்மால் இயலுமா? அந்தப் பிள்ளை தோற்றது எந்தப் பரீட்சையில்?

இது படித்தவர் வீட்டு விவகாரம் என்று கமக்காரர் தள்ளிவிட வேண்டாம். வெங்காயமும் புகையிலையும் விளைவிக்கும் உங்கள் பணம் கூட்டுறவுச் சங்கத்தின் ஏட்டில் இருக்கிறது. சங்கம் நட்டத்தில் ஓடுகிறது என்று பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்படும்போது, எங்கே, யாரால், எப்படி என்று கேட்க உங்களுள் எத்தனை பேர் துணிகிறீர்கள்? கூட்டுறவால் மூளாயில் ஒரு வைத்தியசாலையையே எழுப்பிய சமுதாயம் தன் கணக்கைத் தானே வாசிக்க முடியாமல் இருப்பது பெருமையாகுமா?

ஆகவே நாம் கேட்பவை இவை. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் பிரதேச சபைகளும் ஆண்டுதோறும் வணிக மாணவர் இருவரையேனும் பயிற்சிக்கு ஏற்க வேண்டும். வடக்கில் கணக்காய்வு நடத்தும் நிறுவனங்கள் இங்கேயே பயிற்சி இடங்களைத் திறக்க வேண்டும். உடன்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். படி ஒழுங்காய்க் கொடுக்கப்பட வேண்டும். செய்த வேலை ஏட்டில் பதியப்பட்டு மேலாளரின் கையொப்பம் பெற வேண்டும். தேநீர் வாங்கவும் பிரதி எடுக்கவும் அனுப்புவது பயிற்சியாகாது. அது கூலியற்ற வேலை. கொழும்பு சென்றே தீரவேண்டிய வறிய பிள்ளைகளுக்குப் பழைய மாணவர் சங்கங்கள் முதல் ஆண்டுக்கேனும் கைகொடுக்க வேண்டும். மண்டபம் கட்டக் கிடைக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கே இதற்குப் போதும்.

மாணவருக்கும் ஒரு சொல். தமிழிற் சிந்திப்பது நம் உரிமை. அதை நாம் விட்டுக்கொடோம். எனினும் இத்தொழிலின் கடிதமும் அறிக்கையும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. அதைக் கற்காமல் இருப்பது மொழிப்பற்று ஆகாது. பிறர் கணக்கில் கண்டதை வெளியே பேசாத நாவும், பொய்க்குக் கையொப்பமிடாத கையும் இத்தொழிலின் முதல்.

கணக்கைச் சீராய் வைத்திருக்கும் சங்கம் ஒரு மாணவரை உள்ளே விட அஞ்சாது. எந்தச் சங்கங்கள் கதவைத் திறக்கின்றன, எவை சாத்துகின்றன என்பதை அங்கத்தவர்கள் கவனித்திருக்கட்டும். அடுத்த பொதுக்கூட்டத்தில் அவர்கள் கேட்கவேண்டிய முதற் கேள்வி அதுவே.