வரையறைக்கு வெளியே ஆவடி

சென்ற இதழில் அரசியலின் இயல்பு பற்றி எழுதிய நண்பர் அரிஸ்டாடிலில் வண்டியேறி ஹானா ஆரெண்டில் இறங்கியிருக்கிறார். நடுவில் வெபர், ஷ்மிட், லாஸ்வெல், ஈஸ்டன் என்று எல்லா ஸ்டேஷன்களிலும் வண்டி நின்றிருக்கிறது. பட்டியலில் பிழை இல்லை. பட்டியலைக் கொண்டு அவர் எழுப்பும் முடிவுதான் விவகாரம். கூலி, சாக்கடை, ரேஷன் இவையெல்லாம் நிர்வாகம், அரசியலாகா. ஆகவே இவற்றை எழுதுகிறவன் அரசியலையும் தொடவில்லை, இலக்கியத்தையும் தொடவில்லை என்கிறார். இதன் பின்பாதியை நம் வட்டத்தில் பலர் தலையசைத்து ரசித்ததாகக் கேள்வி. எனக்கு முன்பாதியிலேயே சண்டை. பி.ஏ. ஆங்கிலம் படித்து பாங்கில் குமாஸ்தா வேலை பார்ப்பவனுக்கு இந்த வம்பு எதற்கு என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.

அரிஸ்டாடிலிடம் வீடு வேறு, நகரம் வேறு. அடிமையை எஜமானன் ஆள்வது வீட்டு விஷயம். அரசியல் அதற்கு வெளியே, சமமானவர்களுக்கு நடுவில் தொடங்குகிறது. 'அரசியல்' நூலின் மூன்றாம் பகுதியில் இன்னும் ஒரு படி போய், சிறந்த நகரம் கைவினைஞனைக் குடிமகனாக ஏற்காது என்கிறார். 1964இல் தொடங்கிய அம்பத்தூர் எஸ்டேட்டின் லேத்துக்காரனும் பிரஸ் ஷாப்புக்காரனும் இந்தக் கணக்கில் நகரத்துக்கு வெளியே நிற்கிறார்கள். நண்பர் இதைச் சொல்லாமல் தாண்டிவிட்டார். ஆளுவதிலும் ஆளப்படுவதிலும் முறைவைத்துப் பங்கு கொள்பவன் குடிமகன் என்ற அழகான வரையறையை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார். நல்லது, அதையே பொருத்திப் பார்ப்போம். 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரை, சென்னை மாநகராட்சியோடு 2011இல் சேர்க்கப்பட்ட அம்பத்தூருக்கும் சரி, 2019இல் தானே மாநகராட்சியான ஆவடிக்கும் சரி, கவுன்சிலர் என்று ஒருவர் இல்லை. தனி அதிகாரிகள் நடத்தினார்கள். ஐந்து வருஷத்துக்கு மேல் எங்களுக்கு ஆளப்படும் முறை மட்டுமே வந்துகொண்டிருந்தது. அந்த ஐந்து வருஷத்துக்கும் பெயர் நிர்வாகம்தான். சாக்கடையை அரசியலிலிருந்து கழற்றி நிர்வாகத்தில் மாட்டும் காரியத்தை அரசாங்கம் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டது. நண்பர் அதற்குத் தத்துவார்த்தமான முகவுரை எழுதியிருக்கிறார்.

ஆரெண்டை இப்படி ஒரு வாக்கியத்தில் தள்ளிவிட முடியாது. பிழைப்புக்கான உழைப்பு, பொருள் செய்யும் வேலை, பலர் நடுவே பேசியும் சேர்ந்தும் புதிதாக ஒன்றைத் தொடங்கும் செயல் என்று 1958இல் அவர் பிரித்துக் காட்டியதும், அதிகாரம் என்பது துப்பாக்கியிலிருந்து வருவதல்ல, கூடிச் செயல்படும் மனிதர்களிடமிருந்து பிறப்பது என்று விடாமல் சொன்னதும் சாதாரணக் காரியமில்லை. 1956இல் ஹங்கேரியில் முளைத்த சபைகளை அவரைப் போல் கொண்டாடியவர்கள் குறைவு. ஆனால் அதே சபைகள் தொழிற்சாலையை நடத்த முற்பட்டால் அங்கே அவருக்கு முகம் சுளிக்கிறது. பொது விவகாரம் வேறு, பொருள்களின் நிர்வாகம் வேறாம். நண்பர் முட்டுக்கொடுத்து நிற்பது இந்த இடத்தில்தான்.

இனி ஆவடி. 1955 ஜனவரியில் தேபர் தலைமையில் இங்கே கூடிய காங்கிரஸ், 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது. காமராஜ் அப்போது முதலமைச்சர். உற்பத்திச் சாதனங்களில் முக்கியமானவை சமூகத்தின் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ இருக்கவேண்டும் என்பது சாரம். (அந்த 'அல்லது' பற்றியே தனிக் கட்டுரை எழுதலாம்.) பத்து வருஷம் கழித்து, 1965இல், அரசின் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா டாங்கி வெளிவந்தது. 2021இல் பாதுகாப்புத் தொழிற்சாலைகளைக் கம்பெனிகளாக்கும் முடிவை எதிர்த்துத் தொழிற்சங்கங்கள் காலவரையற்ற வேலைநிறுத்தம் அறிவித்தன. ஜூன் 30ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தது. ஆகஸ்டில் அது ஓராண்டு ஆயுளுள்ள சட்டமாக நிறைவேறியது. அக்டோபர் 1ஆம் தேதி 41 தொழிற்சாலைகள் ஏழு கம்பெனிகளாயின. கவச வாகனக் கம்பெனிக்கு ஆவடியே தலைமையிடம்.

அந்தச் சட்டத்தில் வேலைநிறுத்தம் என்பதற்குக் கொடுத்த விளக்கத்தை நண்பர் படிக்கவேண்டும். வேலையை நிறுத்துவது மட்டுமில்லை, கூட்டாகத் தற்செயல் விடுப்பு எடுப்பதும் வேலைநிறுத்தம்; தேவையான ஓவர்டைம் பார்க்க மறுப்பதும் வேலைநிறுத்தம். தண்டனை ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லீவு லெட்டர் எழுதியே வயசாகிக்கொண்டிருக்கும் எனக்கு இது உடனே உறைத்தது. ஒருவன் எழுதினால் அது லீவு. அதே தாளில் அதே வாசகத்தை ஐந்நூறு பேர் சேர்ந்து எழுதினால் குற்றம். நடுவில் கூடியிருப்பது என்ன? கூலி ஒரு பைசா கூடவில்லை, எந்தப் பொருளும் கை மாறவில்லை. கூடிச் செயல்படுவது என்ற ஒன்று மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. அதாவது ஆரெண்ட் அரசியலின் சாரம் என்று சொன்ன அதே ஒன்று. ஆவடித் தொழிலாளியின் லீவு லெட்டரில் அது இருப்பதைச் சட்டம் எழுதியவர்கள் கண்டுகொண்டார்கள். ஆரெண்டை அடிக்கோடிட்டுப் படித்த நண்பர் காணவில்லை.

யாருக்கு என்ன, எப்போது, எப்படிக் கிடைக்கிறது என்ற 1936ஆம் வருஷத்து லாஸ்வெல் இங்கே பாதிதான் உதவுகிறார். கிடைப்பதைப் பற்றிய கணக்கு அது. கேட்பதற்கு வாய் இருக்கலாமா என்ற தகராறு அதில் ஏறாது. சமூகத்துக்கான மதிப்புகளை அதிகாரத்தோடு பங்கிடுவது என்ற ஈஸ்டனும் பங்கிடுகிறவன் நாற்காலியிலிருந்தே பார்க்கிறார். பலாத்காரத்தின் ஏகபோக உரிமையை அரசின் அடையாளமாகச் சொன்ன வெபருக்கு அந்தச் சிறைத்தண்டனை ஆச்சரியம் தராது. நண்பன், பகைவன் என்று பிரிப்பதே அரசியல் என்ற ஷ்மிட் 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். தன் வரையறைக்கு விசுவாசமாக இருந்தவர் என்ற அளவில் அவரைப் பாராட்டலாம்.

நம் மொழியின் பங்கும் இதில் உண்டு. கிரேக்கச் சொல்லுக்குள் நகரம் இருக்கிறது. 'அரசியல்' என்ற சொல்லுக்குள் அரசன் உட்கார்ந்திருக்கிறான். குறளின் பொருட்பாலில் அந்தப் பெயரில் வரும் 25 அதிகாரங்களும் இறைமாட்சியில் தொடங்கி ஆள்பவனுக்கு வேண்டியதைச் சொல்கின்றன. ஆளப்படுகிறவன் வாயில் அதே சொல் 'ஆபீசில் ஒரே அரசியல்' என்று வசவாகிவிட்டது. இந்த இரண்டுக்கும் நடுவில் டீக்கடைப் பலகை: இங்கு அரசியல் பேசக்கூடாது. கடைக்காரரை நான் கேலி செய்யமாட்டேன். பேச்சில் தொடங்குகிறது, சண்டையில் போய் நிற்கும் என்று ஆரெண்டையும் ஷ்மிட்டையும் ஒரே பலகையில் எழுதிவைத்திருக்கிறார். தவிர, பெஞ்சில் இருக்கிறவர்கள் பலகைக்கு அடியிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நவம்பரில் உயிர்ச்சான்று கொடுக்கத் தொழிற்சாலைப் பென்ஷன்காரர்கள் என் கவுண்டருக்கு வருவார்கள். கம்பெனியான பிறகு உள்ளே நிரந்தரம் எத்தனை, ஒப்பந்தம் எத்தனை என்று வரிசையில் நின்றபடி ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வார்கள். நண்பருக்கு இது நிர்வாகம். இதைக் கதையில் எழுதினால் பிரசாரம் என்பார். பதில் எழுதுவதாக அவர் சொல்லியிருப்பதாக அறிகிறேன். அரிஸ்டாடிலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டாம். ஐந்நூறு லீவு லெட்டர்கள் எந்த இடத்தில் நிர்வாகத்தை விட்டு அரசியலாயின, ஆயின என்று தீர்மானித்தவர் யார், இதை மட்டும் எழுதட்டும்.