கட்டுச்சோறும் டவுன் பஸ்ஸும்

பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம். எங்கள் தெருக்கோடியில் இருக்கும் கொத்தனாரின் மகள், ஐந்தாம் வகுப்பு, நோட்டும் பேனாவுமாக வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். ‘கோடை விடுமுறையில் நான் சென்ற இடம்’ என்று பத்து வரி எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"தாத்தா, ஊட்டியில என்னென்ன இருக்கும்?"

"நீ ஊட்டிக்குப் போனியா?"

"இல்ல. எல்லாரும் ஊட்டின்னுதான் எழுதறாங்க."

பொய் எழுதாதே, மேட்டூரைப் பற்றி எழுது என்றேன். மேட்டூருக்கும் போனதில்லையாம். தொப்பூரிலிருந்து மேச்சேரி வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர்தான். பத்து வயதுப் பெண் அந்த அணையைப் பார்த்ததில்லை. அன்றைக்கு அவள் கடைசியில் ஊட்டியைத்தான் எழுதிக்கொண்டு போனாள். மலை ரயிலைப் பற்றி நான்கு வரி சொல்லிக்கொடுத்த பாவம் எனக்கும் உண்டு.

சாயங்காலம் அவள் அப்பாவிடம் கேட்டேன். "எங்க சார் போறது? குடும்பத்தோட கெளம்பினா கையில அஞ்சாயிரமாவது வேணும்" என்றார். வாரத்தில் ஆறு நாள் கரணை பிடிக்கிற மனிதர். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் ஓய்வு, அதுவும் டி.வி. முன்னால் கழிகிறது.

அவர் சொன்ன ஐந்தாயிரம் மிகையில்லை. ஏப்ரலில் என் மகன் குடும்பத்தோடு வந்திருந்தபோது கார் வைத்துக்கொண்டு ஒகேனக்கல் போனோம். குமாஸ்தா வேலை பார்த்த கை. திரும்பி வந்ததும் கணக்கு எழுதிவிட்டேன். கார் வாடகை, டிரைவர் பேட்டா, டோல்கேட், பார்க்கிங், பரிசல், எண்ணெய் மசாஜ், மீன் சாப்பாடு, பேரனுக்கு ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி. எல்லாம் சேர்த்து 7,300 ரூபாய். போனது தப்பென்று சொல்லவில்லை. பாறைக்கு நடுவே புகை மாதிரி எழும் அந்தத் திவலையைப் பார்த்தால், கன்னடத்தில் ஏன் ‘புகையும் கல்’ என்று பேர் வைத்தார்கள் என்பது தானாகப் புரியும். ஆனால் அந்த 7,300-ல் பாதிக்கு மேல் காருக்கும் காரைச் சார்ந்த செலவுக்கும் போயிருந்தது. அருவிக்குப் போனது கால்வாசிகூட இல்லை.

என் கட்சி இதுதான். நம் ஊர்ப்பக்கம் குடும்பங்கள் வெளியே போகாததற்குக் காரணம் பணம் இல்லாமை மட்டுமல்ல; ‘டூர்’ என்றால் கார், ஓட்டல் சாப்பாடு, போட்டோ என்று நாமே ஒரு விலை வைத்துவிட்டோம். அந்த விலை கொடுக்க முடியாதவன் வீட்டிலேயே இருந்துவிடுகிறான்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். (பிறகு தனியாக எஸ்.எஸ்.எல்.சி. எழுதித் தேறித்தான் தமிழ்நாட்டு அரசில் குமாஸ்தா ஆனேன். அந்தக் கதையை வேறொரு நாள் சொல்கிறேன்.) ‘பிக்னிக்’ என்று நாம் ஆங்கிலம் மாதிரி சொல்லும் சொல்லே பிரெஞ்சிலிருந்து போனதுதான். எங்கள் வாத்தியார் ஒருவர் 1936-ஐப் பற்றி அடிக்கடி சொல்வார். அந்த வருஷம் ஜூனில்தான் பிரான்சில் தொழிலாளிகளுக்குச் சம்பளத்தோடு இரண்டு வாரம் விடுமுறை சட்டமானது. விடுமுறை கொடுத்தால் மட்டும் போதுமா, போவதற்குக் காசு வேண்டாமா? லெயோ லக்ராஞ்ஜ் என்கிற இளம் அமைச்சர், ரயில் டிக்கெட்டில் 40 சதவீதம் தள்ளுபடி வாங்கிக் கொடுத்தார். பிறந்ததிலிருந்து கடலைப் பார்க்காத ஆலைத் தொழிலாளிகள் மூட்டை முடிச்சோடு, சைக்கிளோடு, கடற்கரைக்கு இறங்கினார்கள். பணக்காரர்கள் முகம் சுளித்தார்களாம். இதைச் சொல்லும்போது அந்த வாத்தியார் சிரிப்பார்.

எங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. கடல் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அப்போது பெரியவர்கள் கடற்கரைச் சாலையை ‘கூர் ஷப்ரோல்’ என்றுதான் சொல்வார்கள். ஞாயிறு சாயங்காலம் அம்மா தூக்குச்சட்டியில் புளிச்சோறு கட்டுவாள். ஆறு பிள்ளைகளுக்கும் சேர்த்து அப்பாவுக்கு ஆன செலவு ஒரு பொட்டலம் வேர்க்கடலை. அவர் வாழ்நாளில் எங்களை ‘டூர்’ அழைத்துப் போனதே இல்லை. ஆனால் வெளியே போகாத பிள்ளைகள் என்று எங்களை யாரும் சொல்ல முடியாது.

சரி, இங்கே என்ன செய்யலாம்? 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. வேலைக்குப் போகவும் ஆஸ்பத்திரிக்குப் போகவும் அதை நன்றாகப் பயன்படுத்துகிறார்கள். குடும்பத்தோடு ஒரு நாள் சும்மா சுற்றிவிட்டு வரவும் அது உதவும் என்பது ஏனோ யாருக்கும் தோன்றுவதில்லை. மப்சல் பஸ்ஸில் ஏறினால் எல்லோருக்கும் டிக்கெட். மேச்சேரியில் இறங்கி டவுன் பஸ் மாறிப் போனால் பாதிக் குடும்பம் இலவசம். அரை மணி நேரம் கூட ஆகும், ஆகட்டுமே. மேச்சேரியில் பத்ரகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டு ஏறலாம்.

வாதத்தை நிரூபிக்க வேண்டுமல்லவா? ஜூலையில் ஒரு ஞாயிறு கொத்தனார், அவர் மனைவி, அந்தப் பெண், ஆறு வயதுத் தம்பி, நான், என் வீட்டம்மா என ஆறு பேர் கிளம்பினோம். எலுமிச்சைச் சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல் கட்டிக்கொண்டோம். பஸ், பூங்கா நுழைவுச் சீட்டு, டீ, பிள்ளைகளுக்கு ஐஸ் எல்லாம் சேர்த்து 340 ரூபாய். மீன் வறுவலுக்கு 300. மேட்டூர் போய் மீன் தின்னாமல் வந்தால் கொத்தனார் என்னை மன்னித்திருக்க மாட்டார். ஆக 640 ரூபாய். அணைக்கட்டு முனியப்பன் கோவிலில் கிடா வெட்டிப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் எங்களையும் சாப்பிடக் கூப்பிட்டது. நாங்கள் கட்டுச்சோற்றைக் காட்டித் தப்பித்தோம்.

1934-ல் கட்டி முடித்த அணை, முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்றெல்லாம் அந்தப் பெண்ணுக்கு விளக்கினேன். அவள் காதில் வாங்கவில்லை. பூங்காவில் பாம்பைப் பார்ப்பதிலேயே இருந்தாள். பிறகு 16 கண் மதகுப் பக்கம் நின்றபோதுதான், "நம்ம ஊரு ஆத்துத் தண்ணியும் இங்கதான் வருதா?" என்று கேட்டாள். ஆமாம், சேர்வராயன் மலையில் பிறக்கும் தொப்பையாறும் கடைசியில் இந்த நீர்த்தேக்கத்தில்தான் கலக்கிறது என்றேன். வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவ்வளவும் நல்லபடியாக எழுதிவிட்டு ஒன்றை மறைத்தால் அது அரைக்கணக்கு. என் வீட்டம்மா அன்று காலை காப்பிக்குப் பிறகு சாயங்காலம் வீடு திரும்பும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. கொத்தனார் மனைவியும் அப்படியே. கேட்டால், "போற எடத்துல எங்க போறது?" என்கிறார்கள். வழியில் ஒரு பஸ் நிலையத்தில் கட்டணக் கழிப்பறை இருந்தது. என் வீட்டம்மா வாசல்வரை போய் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள். 68 வயது, சர்க்கரை உள்ளவள், வெயிலில் எட்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருப்பது விளையாட்டா? மறுநாள் முழுக்கப் படுத்துக் கிடந்தாள். டிக்கெட் இலவசம், சரி. தண்ணீர் குடிக்கத் தைரியம் இல்லாத பயணத்தை எப்படி மலிவு என்று சொல்வது? பூங்காவுக்குப் புது நீரூற்று, செல்பி எடுக்க எழுத்துப் பலகை என்று செலவழிப்பவர்கள் முதலில் தண்ணீர் வரும், தாழ்ப்பாள் விழும், பெண்ணொருத்தி நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் இரண்டு கழிப்பறை கட்டட்டும். பிறகு நிழலில் நாலு பெஞ்ச். வேறெதுவும் நான் கேட்கவில்லை.

இன்னொன்று, பஸ் வேண்டாம், பைக் இருக்கிறதே என்று சின்னப் பிள்ளைகளை டேங்க் மேல் உட்கார வைத்து நான்கு பேராகக் கணவாய் இறக்கத்தில் போகிறார்கள். தொப்பூர்க்காரனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் லாரிக்குப் பிரேக் பிடிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதை நாம் எத்தனை தடவை பார்த்துவிட்டோம். பஸ்ஸில் போங்கள்.

ஒகேனக்கல் போகிறவர்கள் கிளம்பும் முன் பிலிகுண்டுலுவில் எத்தனை கனஅடி வருகிறது என்று காலைச் செய்தியில் பார்த்துக்கொள்ளுங்கள். வரத்து கூடினால் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போட்டுவிடுவார்கள். போய் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஆடி 18 அன்று எங்கேயும் போகாதீர்கள், கூட்டத்தில் பிள்ளையைத் தேடவே நேரம் போதாது. அதியமான்கோட்டை காலபைரவரைத் தேய்பிறை அஷ்டமி தவிர மற்ற நாளில் பாருங்கள். பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா நினைவிடம் இருக்கிறது, 1925-ல் அந்த ஊரில்தான் காலமானார், பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. என் பேரன் நான்காவதிலேயே வாந்தி எடுத்தான்.

நேற்று கொத்தனார் வேலை முடிந்து வரும்போது வாசலில் நின்றார். கையில் சிமெண்ட் காயவில்லை. "சார், பென்னாகரத்துல இருந்து ஒகேனக்கல்லுக்கு டவுன் பஸ் இருக்குதா? கடைசி பஸ் திரும்ப எத்தன மணிக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நாளைக் காலை பஸ் நிறுத்தத்துக்குப் போய் கண்டக்டரிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டும்.