கவராயமும் கண்ணும்

சென்ற கிழமை எம் மாணவனொருவன் கல்லூரிப் பொருட்காட்சிக்கென ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தற் பலகை எழுதினான். மேலும் கீழும் இரு கோடுகளிட்டு, ‘எச்’ எழுத்தை அடிமட்டத்தாலும் ‘ஓ’ எழுத்தைக் கவராயத்தாலும் வரைந்தான். அளவிற் பிழையில்லை; ஆயினும் ‘ஓ’ மட்டும் சிறுத்துத் தோன்றிற்று. “கவராயம் பழுது, சேர்” என்று குறைப்பட்டான். பழுது கவராயத்தில் இல்லை, கண்ணின் இயல்பே அது என்றோம். அவனுக்குச் சொன்ன கதையை வாசகருக்கும் சொல்லுவோம்.

ஜேர்மனியிலே பவுல் றென்னர் என்னும் அறிஞர் அமைத்த ‘பியூச்சுரா’ என்ற அச்செழுத்தை, 1927 இல் பிராங்பேர்ட் நகரத்துப் பவுவர் வார்ப்பகம் வெளியிட்டது. பழைய உரோம எழுத்துக்களின் நுனிகளிற் காணும் சிறு பாதங்கள் இதில் இல்லை. வட்டம், முக்கோணம், நேர்கோடு என்பவற்றாலேயே ஆக்கப்பட்டதெனப் பார்த்தவுடன் எண்ணத் தோன்றும். முதல் வரைவுகளில் றென்னரும் அவ்வழியே வெகுதூரம் சென்றார். சிறிய ‘ஆர்’ எழுத்தை ஒரு கோடும் அதனருகே ஒரு புள்ளியுமாகவே அமைத்துப் பார்த்தார். வாசிப்போர் பாடு என்னாவது? அத்தகைய வடிவங்களுட் பெரும்பாலானவை பின்னர் கைவிடப்பட்டன.

எஞ்சியவற்றிலும் கணிதம் கண்ணுக்குப் பணிந்தே நிற்கிறது. ஒரே தடிப்புள்ள இரு கோடுகளுள் கிடையானது நிமிர்ந்ததிலும் பருத்துத் தோன்றும். ஆதலால் கிடைக்கோட்டைச் சற்று மெலிதாக்கினார். ‘ஓ’ எழுத்தும், ‘ஏ’ எழுத்தின் கூர்முனையும் வரம்புக் கோட்டைச் சிறிது தாண்டுகின்றன. வளைவு தண்டோடு சேருமிடத்தில் மை திரண்டாற்போலக் கருமை தோன்றாதிருக்க, வளைவு அங்கே மெலிகிறது. பெரிய எழுத்துக்களின் அகல அளவுகளோ பண்டை உரோமாபுரியின் கற்சாசனங்களைத் தழுவியவை. வருங்காலத்தின் பெயரைத் தாங்கிய எழுத்துக்கு ஈராயிரம் ஆண்டுப் பழமை அளவுகோலாயிற்று!

எழுத்தில் விட்டுக்கொடுத்த றென்னர் கொள்கையில் விட்டுக்கொடுத்தாரல்லர். நாஜிகளின் கலைக் கொள்கையைக் கண்டித்து 1932 இல் ஒரு சிறு நூல் எழுதினார். மறு ஆண்டு அவர்கள் ஆட்சிக்கு வந்ததும் கைதானார். மியூனிச் அச்சுக்கலைப் பாடசாலையின் தலைமைப் பதவியையும் இழந்தார். ஜேர்மனியரின் பழைய முறிவெழுத்தைப் போற்றிவந்த அதே ஆட்சி, 1941 இல் அதனை யூதர் எழுத்தென்று பழித்து விலக்கியது நகைப்புக்கிடமான செய்தி.

றென்னர் 1956 இல் மறைந்தார். 1969 ஆம் ஆண்டு யூலையில் அப்பலோ 11 சந்திரனில் விட்டுவந்த உலோகத் தகட்டின் வாசகம் அவருடைய பியூச்சுரா எழுத்திலேயே பொறிக்கப்பட்டது. அது இன்றும் அங்கேதான் இருக்கிறது.

எம் மாணவன் பலகையைத் திருத்திவிட்டான். அவனது ‘ஓ’ இப்பொழுது கோட்டுக்கு வெளியே ஒரு நூலளவு நிற்கிறது. கணித ஆசிரியர் மட்டும் இன்னும் ஒப்பவில்லை.