ஆறு இருக்கை, ஏழு பேர்



தவக்காலம் முடிந்து கோடை விடுமுறை நெருங்கும்போது, இப்பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கு மாறிவிடுகிறது. மாமியார் மருமகள் மனத்தாங்கலும் பிள்ளைகளின் மதிப்பெண்ணும் சற்றே ஒதுங்கிக்கொள்ள, "எங்கே போகலாம், எவ்வளவு ஆகும்?" என்னும் வினா முன்வந்து நிற்கிறது. மார்ச் மாதத்தில் போடிநாயக்கனூரிலிருந்து ஒரு குடும்பத் தலைவர் எழுதியிருந்தார். ஏலக்காய்க் கடையொன்றில் கணக்கு எழுதுபவர். தாம், மனைவி, மூன்று பிள்ளைகள், வயது முதிர்ந்த தாயார், கணவரை இழந்து உடன் வாழும் தமக்கை என வீட்டில் ஏழு பேர். ஓராண்டு சீட்டுக் கட்டிச் சேர்த்த பதினைந்தாயிரம் ரூபாயைக் கொண்டு மூன்று நாள் மூணாறு சென்றுவரத் திட்டம். எல்லாம் முடிவான பிறகு மூத்த மகன் ஒரு கேள்வியைப் போட்டிருக்கிறான்: "அவ்வளவு தூரம் போய்விட்டுக் கொழுக்குமலை பார்க்காமல் வருவதா?"

விசாரித்ததில், ஜீப்புக்கு மூவாயிரம் ரூபாய் கேட்டிருக்கிறார்கள். உள்ளே நுழையத் தலைக்கு ஒரு கட்டணம் தனி. ஜீப்பில் ஆறு பேருக்குத்தான் இடம். போகலாமா, வேண்டாமா என்பதே அவர் கேள்வி.

பயணம் ஏப்ரலில் என்பதால் இதழ் வரும்வரை காத்திராமல் அவருக்குத் தனியே பதில் எழுதினேன். அதே குழப்பம் இன்னும் பல வீடுகளில் இருக்கக்கூடும் என்பதால், அவருடைய இசைவோடு அதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

கொழுக்குமலையை அறியாதவர்களுக்காக ஒரு சொல். அது தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. போடிக்காரர்களின் தலைக்கு நேர்மேலே இருப்பது. ஆனால் வண்டியில் போகவேண்டுமெனில், பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு ஏறி, கேரளத்துக்குள் பூப்பாறை, சின்னக்கானல் வழியாகச் சூரியநெல்லியை அடைந்து, அங்கிருந்து மீண்டும் தமிழ்நாட்டு எல்லைக்குள் திரும்பவேண்டும். சொந்த வீட்டு மாடிக்குப் பக்கத்து வீட்டுப் படிக்கட்டு வழியாக ஏறுவது போன்ற ஏற்பாடு இது. சூரியநெல்லியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அந்தத் தொலைவுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாகிறது என்றால் பாதையின் இலட்சணத்தை ஊகித்துக்கொள்ளலாம். கல் பெயர்ந்த தோட்டப் பாதை அது. சொந்தக் காரோ வாடகை வேனோ ஏறாது. ஜீப் ஒன்றே கதி. ஆகவே அந்த வாடகையைக் கொள்ளை என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பாதையில் அன்றாடம் போய்வரும் வண்டிக்குச் சக்கரமும் ஸ்பிரிங்கும் எத்தனை நாளைக்கு உழைக்கும் என்பதையும் எண்ணவேண்டும் அன்றோ?

மேலே இருப்பது என்ன? ஏறக்குறைய எட்டாயிரம் அடி உயரத்தில் ஒரு மலைமுகடு. 1930களில் எழுந்த பழைய தேயிலைத் தொழிற்சாலை; பழைய முறையிலேயே இலையை உலர்த்தி உருட்டித் தூளாக்குகிறார்கள். உலகிலேயே மிக உயரமான தேயிலைத் தோட்டங்களுள் ஒன்று என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தப் பட்டத்துக்காக நாம் வழக்காட வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, விடியற்காலையில் காலடிக்குக் கீழே மேகம் கடல்போல் பரந்து கிடக்க, அதற்குள்ளிருந்து கதிரவன் எழும் காட்சி. மகன் கேட்டதும் இதைத்தான்.

அந்தக் காட்சிக்கு மூவாயிரம் மட்டும் போதாது என்பதை முதலில் எழுதினேன். சூரிய உதயத்தைக் காண விடியற்காலை நான்கு மணிவாக்கில் ஜீப்பில் ஏறியாகவேண்டும். அப்படியென்றால் முந்தைய இரவு சூரியநெல்லியிலோ சின்னக்கானலிலோ தங்கவேண்டும். ஏழு பேருக்கு இரண்டு அறை. உறக்கம் கெட்ட பிள்ளைகளோடு மறுநாள் பகல் முழுவதும் வீணாகும் வாய்ப்பும் உண்டு. மூடுபனி இறங்கிவிட்டால் கதிரவனும் இல்லை, மேகக் கடலும் இல்லை. வாடகை மட்டும் குறையாது. இருட்டில் அந்தப் பக்கம் யானை நடமாட்டமும் உண்டு. வீடுகளையும் கடைகளையும் உடைத்து அரிசி தின்றதால் அரிக்கொம்பன் என்று பெயர் பெற்ற யானையை 2023 ஏப்ரலில் பிடித்தது அதே சின்னக்கானலில்தான். பெரியாறு காட்டில் விடப்பட்ட அது, அடுத்த மாதமே கம்பம் நகரத் தெருக்களில் வந்து நின்று நம்மையெல்லாம் கலங்கடித்தது நினைவிருக்கும்.

அடுத்து, "அவ்வளவு தூரம் போய்விட்டு" என்னும் சொல். குடும்பச் சுற்றுலாக்களில் பணப்பையின் வாயைத் திறக்கும் மந்திரம் இதுவே. வந்ததுதான் வந்தோம், இதையும் பார்த்துவிடுவோம் என்கிறோம். முன்பே செலவழிந்த பணம், இனிச் செலவழியப் போகும் பணத்துக்குச் சாட்சி சொல்ல வந்துவிடுகிறது. சென்னையிலிருந்து வரும் குடும்பம் அப்படிச் சொன்னால் ஓரளவு பொருள் உண்டு. அவர்கள் மறுபடி வர ஆண்டுகள் ஆகலாம். 1928இல் தொடங்கிய மதுரை–போடி இருப்புப்பாதை, 2010 இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக மூடப்பட்டு, 2023 ஜூனில்தான் மறுபடி போடி வரை வண்டியைக் கண்டது. அத்தனை ஆண்டுகள் வெளியூர்க்காரர்களுக்கு மலை எட்டத்திலேயே இருந்தது. போடியில் குடியிருப்பவருக்கோ அந்த மலை நாளையும் அங்கேயே இருக்கும். அடுத்த தையில் போகலாம், அதற்கடுத்த ஆண்டும் போகலாம்.

காத்திராதவை என்று சில உண்டு. அவற்றுக்கு என் கணக்கு வேறு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கொரு முறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006இல் பூத்தது, பிறகு 2018இல் பூத்தது, இனி 2030. அப்போது பத்து வயதில் கண்ட பிள்ளை அடுத்த முறை காண்கையில் இருபத்திரண்டு. அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகச் செலவிடுங்கள் என்றே சொல்வேன். 2018இலும் பலர் முன்கூட்டியே அறை பிடித்திருந்தார்கள். ஆகஸ்டு பெருமழையில் சாலைகள் உடைந்து மூணாறு தனித்துப்போக, பூவைக் காணாமலேயே பணத்தை இழந்தவர்கள் உண்டு. இயற்கை நம்மோடு ஒப்பந்தம் எதுவும் செய்துகொள்ளவில்லை.

இவ்வளவும் எழுதி, "ஆகவே இம்முறை வேண்டாம்" என்று முடிக்க இருந்தேன். அப்போதுதான் அவர் கடிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பினேன். பின்குறிப்பாக மூன்று செய்திகள் இருந்தன.

முதலாவது: "இடம் போதாதென்றால் நான் நண்பர்களோடு குரங்கணி வழியாக நடந்தே ஏறிவிடுகிறேன், செலவே இல்லை என்கிறான் மகன்." இரண்டாவது: "நான் கீழேயே இருந்துகொள்கிறேன், நீங்கள் ஆறு பேரும் போய்வாருங்கள் என்கிறாள் என் மனைவி." மூன்றாவது: "என் தாயாரின் பெற்றோர் அந்தத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். சிறுமியாக இருந்தபோது குரங்கணியிலிருந்து அவர்களோடு நடந்தே ஏறுவாராம். ஒருமுறை பார்க்கவேண்டும் என்கிறார்."

முதல் வரியில் இருக்கவேண்டிய செய்தியைப் பின்குறிப்பில் எழுதுவது நம் வீடுகளின் வழக்கம். எழுதியதையெல்லாம் கிழிக்கவில்லை, தொடர்ந்தேன்.

நடந்து ஏறுவது பற்றி ஒரே சொல்லில் எழுதினேன்: கூடாது. 2018 மார்ச் 11ஆம் நாள், அந்தச் சரிவில் காய்ந்த புல்லில் பரவிய தீயில் சிக்கி, மலையேறச் சென்ற இளைஞரும் பெண்களுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குரங்கணி என்றதும் இன்றும் போடி மக்களின் நெஞ்சு பதைக்கிறது. கோடைக்காலத்தில் அந்தப் புல் தீக்குச்சிக்குச் சமம். வனத்துறையின் அனுமதியும் முறையான வழிகாட்டியும் இல்லாமல் அங்கே கால் வைப்பது சிக்கனம் ஆகாது. பெற்ற பிள்ளையின் உயிரை மூவாயிரத்துக்கு எதிர்த்தட்டில் வைக்க எந்தத் தந்தையும் ஒப்பமாட்டார்.

மனைவியின் சொல்லைப் பற்றி எழுதுகையில் என் கதையையும் எழுதவேண்டியதாயிற்று. பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் குடும்பத்தோடு கொடைக்கானல் சென்றிருந்தோம். படகில் ஓர் ஆளுக்கு இடம் குறைந்தது. "நான் பைகளைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றாள் என் மனைவி. எனக்கு அது இயல்பாகவே பட்டது. நன்றிகூடச் சொன்னதாக நினைவில்லை. அன்று எடுத்த புகைப்படங்களில் எல்லாரும் இருக்கிறோம், அவள் இல்லை. நெடுநாள் கழித்துப் பேரப்பிள்ளைகள் அந்தப் படங்களைப் பார்த்து, "பாட்டி, ஏரி எப்படி இருந்தது?" என்று கேட்டபோது அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நான் எங்கே ஏரியைப் பார்த்தேன்? உங்கள் தாத்தா வீட்டார் கழற்றிப்போட்ட செருப்புகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்." எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நான் இருந்துகொள்கிறேன்" என்பது நம் பெண்கள் பலருக்கு விருப்பமன்று, பழக்கம். அந்தச் சொல்லை விலையில்லாப் பொருளாக எடுத்துக்கொண்டு கணக்குப் போடாதீர்கள் என்று எழுதினேன். இரண்டாவது ஜீப் பிடிப்பதென்றால் ஆறாயிரம். ஜூனில் பள்ளிக் கட்டணம் காத்திருக்கும் வீட்டில் அது நடவாது. ஒருவர் கீழே இருந்துதான் ஆகவேண்டும் என்றால், அது யார் என்பதை வீட்டில் எல்லாரும் கூடியிருக்கும்போது பேசுங்கள். அடுக்களை வாசலில் நின்று முடிவு செய்யாதீர்கள்.

தாயாரைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த யோசனை. வயதான முதுகெலும்புக்கு அந்தப் பாதை இரக்கம் காட்டாது. மருத்துவரைக் கேட்டுவிடுங்கள் என்றேன். அதற்கும் முன்னால் அம்மாவையே கேளுங்கள். அவர் பார்க்க விரும்புவது எதை? ஏறி நடந்த பாதையையா? அதற்குப் போடியிலிருந்து குரங்கணி பேருந்தில் ஏறினால் போதும். அடிவாரத்தில் நின்று பார்த்துவிட்டு மாலையே வீடு திரும்பலாம். மலைமேலிருந்து நம் ஊரைப் பார்க்கவேண்டும் என்பதா? மூணாறிலிருந்து முப்பத்திரண்டு கிலோமீட்டரில் டாப் ஸ்டேஷன் இருக்கிறது; பேருந்திலேயே போகலாம்; அதுவும் தமிழ்நாட்டு மண்தான். (அந்தப் பெயரை இரயில் நிலையம் என்று எண்ணி ஏமாறுவோர் உண்டு. அவர்கள் எண்ணுவது முழுத் தவறும் அன்று. மூணாற்றுத் தேயிலையைக் கொண்டுவர 1902இல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி விட்டார்கள். 1908இல் சிறிய இரயிலாக்கினார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து இரும்புக் கயிற்றுப் பாதையில் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கி, பிறகு போடிக்கு வரும். 1924 பெருவெள்ளம் அந்த இரயிலை அடியோடு கொண்டுபோய்விட்டது.) அல்லது அவர் நாடுவது அந்தத் தோட்டத்தையே என்றால், அப்போது மூவாயிரத்தைப் பற்றி மறுபடி பேசுவோம் என்று எழுதி அஞ்சலில் சேர்த்தேன்.

பத்து நாளில் மறுமொழி வந்தது. அம்மாவிடம் கேட்டாராம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தோட்டத்து லயத்துக்குக் கீழே ஓர் ஓடை உண்டு என்றும், அதன் கரையில் தம் கடைசித் தம்பியை அடக்கம் செய்தார்கள் என்றும் சொன்னாராம். காய்ச்சலில் போன குழந்தை. அம்மாவுக்கு அப்போது எட்டு வயது. "இத்தனை ஆண்டில் இதை நீ ஏன் சொல்லவில்லை?" என்று மகன் கேட்டதற்கு, "நீ கேட்கவில்லையே" என்றிருக்கிறார்.

அங்கே இன்று எந்த அடையாளமும் இராது என்பதை நான் அறிவேன்; அவரும் அறிவார். ஆயினும் இது அடுத்த தைக்குத் தள்ளும் காரியமன்று. எழுபத்தைந்து வயதுத் தாயாருக்கு அடுத்த தை என்பது நம் கையில் இல்லை.

ஆகவே போகச் சொன்னேன். விடியற்காலையில் வேண்டாம், பகலில் என்றேன். சூரிய உதயத்தை விட்டுக்கொடுத்தால் ஓர் இரவின் இரண்டு அறை வாடகை மிச்சமாகிறது. மாட்டுப்பட்டி அணையில் படகையும் விட்டால் ஜீப் வாடகையில் பெரும்பகுதி தேறிவிடும். இரவிகுளம் பூங்காவை விட வேண்டாம். வரையாடுகள் குட்டி ஈனும் பருவத்தில், பெரும்பாலும் பிப்ரவரி மார்ச்சில், மூடியிருப்பதைப் பிறகு திறந்துவிடுவார்கள்; ஏப்ரலில் போகிறவர்களுக்கு ஆட்டுக்குட்டிகளைக் காணும் வாய்ப்பு உண்டு. கோடைமழை மலையில் பிற்பகலில்தான் இறங்கும் என்பதால் நண்பகலுக்குள் கீழே வந்துவிடுவது நலம். கம்பளிச் சட்டை அம்மாவுக்கு மட்டுமன்றி எல்லாருக்கும் வேண்டும். ஞாயிறு இடையில் வருவதால், மூணாற்றில் 1898இல் தோன்றிய கார்மேல் மலை அன்னை ஆலயத்தில் காலைத் திருப்பலி காணலாம்.

மருத்துவர் இசைந்துவிட்டாராம், இடையிடையே நிறுத்திச் செல்லவேண்டும், முன் இருக்கையில் அமரவேண்டும் என்பது நிபந்தனை. கடைசியாக வந்த கடிதத்தில் ஏழாவது ஆளைப் பற்றியும் எழுதியிருந்தார். என் கடிதத்தை இரவு உணவுக்குப் பிறகு எல்லாருக்கும் வாசித்துக் காட்டினாராம். மூத்த மகன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அம்மா போகட்டும். சூரியநெல்லியில் நான் செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றானாம்.

ஜீப்பைத் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சொல்லியிருக்கிறார்கள். முன் இருக்கை பாட்டிக்கு. அவரை இறங்கும்போது பிடித்துக்கொள்ள, பின்னால் கதவோரம் அத்தை.